"எங்க வீட்ல ஒண்ணும் ஒழுகலையே, சார்"

வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எப்படி, கரண்ட் எப்படி என்று கேட்டு முடித்ததும் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அக்கம்பக்கம் எப்படி சார்?" என்பார்கள். அதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு பதில்தான் முழு மதிப்பெண் வாங்கும்: "ரொம்ப நல்ல மனுஷங்க. இருக்கற எடமே தெரியாது."

இந்தச் சான்றிதழை நானும் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். எனக்கும் கொடுத்திருக்கிறார்கள், அதில் கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறேன். இப்போது யோசித்தால், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் இதே வாக்கியம் அப்படியே பொருந்துகிறது. பூட்டிய வீட்டைப்போல் இருக்கத் தெரிந்தவர்தான் நல்ல பக்கத்து வீட்டுக்காரர் என்று எப்போது முடிவு செய்தோம்?

"நான் உண்டு, என் வேலை உண்டு. யார் வம்புக்கும் போறதில்லை." சென்னை அடுக்ககங்களில் இதுதான் இன்றைய அறநூல். படித்தவர், படிக்காதவர், சொந்தக்காரர், வாடகைக்காரர் எல்லோரும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். தினமும் சண்டை போடுகிறவர்கூட இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் சண்டையை ஆரம்பிக்கிறார். நான் இதை மறுக்கிறேன். நாலு பக்கமும் காம்பவுண்டு சுவர் உள்ள தனி வீட்டுக்கு இது பொருந்தலாம். அடுக்ககத்தில் இது பண்பு ஆகாது, அலட்சியம். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வருவதால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

மடிப்பாக்கத்தில் எங்கள் கட்டடம் இரண்டு கிரவுண்டு நிலத்தில் நிற்கிறது. தரையில் கார் நிறுத்தும் இடம், அதன் மேல் மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு. நான் இரண்டாவது மாடி. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் குளியலறைக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தது. ஒரு மாதத்தில் பெயின்ட் அப்பளம் பொரிந்ததுபோல் உப்பியது. அப்புறம் சொட்ட ஆரம்பித்தது. மூன்று மாதம் ஒரு பழைய பெயின்ட் வாளியை அடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன், ஏனென்றால் நானும் அந்த வம்புக்குப் போகாத கட்சிதான். ஈரம் பரவி, துணி அலமாரியின் பின்பலகை பூசணம் பிடித்து, என் மனைவியின் பட்டுப்புடவை ஒன்றில் கறை விழுந்த பிறகுதான் மாடி ஏறினேன்.

மேல்வீட்டுக்காரர் கதவைத் திறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, முகம் நிறைய சிரிப்பு. "வாங்க சார், வாங்க, காபி சாப்பிடறீங்களா?" விஷயத்தைச் சொன்னதும் கையைப் பிடிக்காத குறையாகக் குளியலறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். தரை பளிங்குபோல் மின்னியது. ஒரு டைல்ஸ் பெயர்ந்திருக்கவில்லை, ஒரு குழாய் சொட்டவில்லை. உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "நீங்களே பாருங்க. எங்க வீட்ல ஒண்ணும் ஒழுகலையே, சார்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்தக் கதையின் மொத்த விஷயமும். எந்த வீடு ஒழுகுகிறதோ அந்த வீட்டில் ஒழுகல் தெரியாது.

குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்த்திப் போடுவார்கள். அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டி, செங்கல் உடைசலைக் கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவது வழக்கம். டைல்ஸ் இடுக்கில் பூசிய வெள்ளை சிமென்ட் கரைந்துபோனாலோ உள்ளே ஒரு குழாய் மூட்டு விட்டுப்போனாலோ, குளிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு செங்கல் உடைசலுக்குள் இறங்கித் தேங்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே படுத்திருப்பவன் தலையில்தான் அது வெளிச்சத்துக்கு வரும்.

நான் அழைத்துவந்த பிளம்பர் அதிகம் பேசாதவர். மேல்வீட்டுக் குளியலறையின் வடிகால் ஓட்டையைத் துணியால் அடைத்தார். தரையில் இரண்டு விரல்கடை தண்ணீர் நிறுத்தினார். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் தாராளமாகக் கவிழ்த்தார். "நாளைக்குக் காலைல பாருங்க" என்று போய்விட்டார். மறுநாள் விடியலில் விளக்கைப் போட்டேன். உப்பிய பெயின்டின் ஓரத்தில், கண்மை தீட்டியதுபோல, ஒரு நீலக்கோடு. வாளித் தண்ணீரும் வெளிர்நீலம்.

மேல்வீட்டுக்காரரை அழைத்துவந்து காட்டினேன். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "வேற எங்கேர்ந்தாவது வந்திருக்கலாம், சார்" என்றார், அதே மென்மையான குரலில். நீலத்துக்கு வேறு எங்கே ஊற்று இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் நாலு மாதம் ஆயிற்று அவர் தரையை உடைக்க. அந்த நாலு மாதத்தில் ஒருதரம்கூட அவர் குரலை உயர்த்தவில்லை. நவராத்திரிக்கு சுண்டல் தவறாமல் வந்தது. எங்கள் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் அவருக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கும். இருக்கற எடமே தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், தலைக்கு நேர் மேலே.

அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை, ஒரு புகாரோடு முடிந்திருக்கும். அவர் நம்முடைய அறநூலை ஒழுங்காகப் படித்து, எழுத்துப் பிசகாமல் நடந்த மனிதர். தன் வீட்டை சுத்தமாக வைத்துக்கொண்டார், அடுத்தவர் விஷயத்தில் தலையிடவில்லை, சத்தம் போடவில்லை. கோளாறு அந்த அறநூலில்தான் இருக்கிறது. தன் வீடு எங்கே முடிகிறது என்பதையே அது தப்பாகக் கணக்குப் போடுகிறது.

சந்தேகம் இருந்தால் பீரோவிலிருக்கும் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் நமக்கு எழுதிக்கொடுத்திருப்பது 'பிரிபடாத பாகம்'. எங்கள் கட்டடத்தில் 4,800 சதுர அடி நிலத்தில் வீட்டுக்கு 400. ஆனால் அந்த 400 எங்கே இருக்கிறது என்று எந்த சர்வேயரும் கல் நட்டுக் காட்ட முடியாது. தென்னை மரத்தடியில் இருக்கிறதா, சம்ப்புக்கு அடியிலா, கழிவுநீர்த் தொட்டிக்கு அடியிலா? எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம். வங்கியில் இருபது வருஷக் கடன் வாங்கி நாம் வாங்குவது இந்தப் பிரிக்க முடியாத தன்மையைத்தான். என் தரை கீழ்வீட்டின் கூரை. என் சுவரின் மறுபக்கத்தில் இன்னொருவர் சாமி படம் மாட்டியிருக்கிறார். ஐந்தாறு அங்குல கான்கிரீட்டை நடுவில் வைத்துக்கொண்டு "நான் உண்டு, என் வேலை உண்டு" என்பது, ரயில் பெட்டியில் மேல் பர்த்தில் படுத்துக்கொண்டு "நான் தனியாகப் பயணம் செய்கிறேன்" என்பதுபோல.

இதற்கு எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் தாண்டினால் நான் நேர்மையில்லாதவன். அடுக்ககத்தின் மௌனம் பல பேருக்கு விடுதலையாக வந்தது. 'அந்தக் காலத்துல ஒண்டுக்குடித்தனத்துல எல்லாரும் ஒரு தாய் பிள்ளையா இருந்தோம்' என்று கண்கலங்கி எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு தாய் பிள்ளைகளை வீட்டுக்காரர் முதலில் ஜாதி கேட்டுத்தான் உள்ளே விட்டார். ராத்திரி இத்தனை மணிக்கு மேல் விளக்கு எரியக்கூடாது, விருந்தாளி வந்தால் இரண்டு நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்றெல்லாம் அவர் சட்டம் வைத்தார். முற்றத்து ஒற்றைக் குழாயடியில் குடங்களோடு வார்த்தைகளும் உருண்டன. எந்த மருமகளுக்கு இன்னும் நாள் தள்ளவில்லை என்பது அந்த வளாகம் முழுவதற்கும் மாதாந்திரச் செய்தி. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த ஒரு பெண், கதவைச் சாத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற ஒரு வீட்டில் முதல்முறையாக மூச்சு விட்டிருப்பாள். 'யார் வம்புக்கும் போறதில்லை' என்பது அவளுக்குக் கிடைத்த வரம். அதைப் பிடுங்கச் சொல்லவில்லை.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வம்புக்குப் போகாத நம்முடைய கனவான்கள் எந்த வம்புக்குப் போவதில்லை? மோட்டார் ஏன் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடுகிறது என்று கேட்கமாட்டார்கள். படிக்கட்டு விளக்கு ஒரு மாதமாக எரியவில்லை, கவனிக்கமாட்டார்கள். ஆனால் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஐ.டி. பெண்ணின் வீட்டுக்கு சனிக்கிழமை யார் வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்பது கதவிலிருக்கும் குமிழ்க் கண்ணாடி வழியாகக் குறிப்பெடுக்கப்பட்டிருக்கும். 'பேச்சிலர்ஸுக்குக் கிடையாது', 'வெஜிடேரியன் மட்டும்' என்று நுழைவாசலிலேயே பிறத்தியார் படுக்கையறையிலும் அடுப்படியிலும் தலைநீட்டிவிட்டு, குழாய் உடைந்தால் மட்டும் 'நமக்கெதுக்கு வம்பு' என்கிறோம். கேட்கக்கூடாததை எல்லாம் கேட்கிறோம், கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. மௌனத்தை மதிக்கிறவர்கள் இப்படியா நடந்துகொள்வார்கள்?

மனிதர் விஷயம் வேறு, கட்டட விஷயம் வேறு. எதிர்வீட்டில் யார் யாரோடு இருக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள், எந்த சாமியைக் கும்பிடுகிறார்கள் என்பதெல்லாம் வம்பு. தண்ணீர், சுவர், சத்தம், மின்சாரம், படி, லிஃப்ட், குப்பை இவையெல்லாம் வம்பே அல்ல, கட்டடத்தின் உடம்பு. இந்தக் கோட்டை மறந்ததால்தான் கருவாடு வறுத்த வாசனைக்கு சங்கத்தில் புகார் போகிறது, கூரை ஒழுகலுக்குப் போவதில்லை. கருவாட்டு வாசனையால் யார் வீட்டு பெயின்ட் உப்பியது? அது மூக்கில் ஏறுவதற்கு முன்னால் நம் பரம்பரையில் ஏறிவிடுகிறது, அவ்வளவுதான். அதேபோல் மேலே குழந்தை ஓடுகிறது என்று போய்க் கதவைத் தட்டாதீர்கள். குழந்தை ஓடும். அதற்கு மருந்து வயதுதான், ஏழெட்டு வருஷத்தில் தானாக சரியாகும்.

சட்டம் பேசுகிற ஒருவர் இந்த இடத்தில் வருவார். "பத்து மணிக்கு மேல சத்தம் போட்டாதான் சார் தப்பு." ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. நல்லது. ஆனால் அந்த விதிகள் பகுதி முழுவதற்குமான அளவுகோல், ஒலிபெருக்கியையும் பட்டாசையும் மனதில் வைத்து எழுதியவை. கீழ்வீட்டில் கீமோதெரபி முடிந்து வந்து ஒருவர் மத்தியானம் இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்திருப்பது அந்த விதிக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும், அதுவும் அவன் இருக்கிற இடம் தெரிந்தவனாக இருந்தால்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எங்களுக்குக் கீழே, முதல் மாடியில், இரண்டரை வருஷம் ஒரு அம்மாவும் மகளும் குடியிருந்தார்கள். மகள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். படியில் பார்த்தால் சிரிப்போம், "சாப்டாச்சா" என்போம், அவ்வளவுதான். அவர்கள் வீடு காலி செய்த அன்று சாமான் இறக்க ஒரு கை கொடுத்தேன். அந்த அம்மா விடைபெறும்போது, குறையாக அல்ல, ஏதோ நல்ல ஞாபகத்தைச் சொல்வதுபோல் சொன்னார்: "புது வீட்ல உங்க கிரைண்டர் சத்தம் இருக்காது. அது ஓட ஆரம்பிச்சா மணி ஒம்போதுன்னு கடிகாரமே பாக்க வேணாம் எங்களுக்கு."

கிரைண்டரா?

"பொண்ணு நைட் டூட்டி முடிச்சு அப்பத்தான் வந்து படுப்பா. பரவால்ல தம்பி, தலகாணிய காதுல வச்சு அழுத்திக்குவா."

எங்கள் வீட்டில் வாரம் இரண்டு தரம் மாவு அரைப்போம். அது பழைய மாதிரி பெரிய கிரைண்டர், சமையலறைத் தரையில் நேராக உட்கார்ந்திருக்கும். உளுந்தும் அரிசியும் சேர்த்து ஒரு மணி நேரம் ஓடும். ஆட்டுரல் இருந்த காலத்தில் அது மண்ணில் புதைந்திருந்தது, சத்தத்தை பூமி தின்றுவிடும். கான்கிரீட் தின்பதில்லை, வாங்கிக் கீழே கொடுத்துவிடுகிறது. எங்களுக்கு அது ஒரு மெல்லிய உறுமல். நேர் கீழே படுத்திருப்பவருக்கு மண்டைக்குள் ஒரு லாரி. வாரம் இரண்டு, வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம், இரண்டரை வருஷம். படியிலேயே நின்று கணக்குப் போட்டேன், 260. இரவு முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் தூக்கத்தை 260 தரம் அரைத்திருக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை மேல்வீட்டுக்காரன் நான்தான். யாராவது வந்து கேட்டிருந்தால் நானும் என் பளபளப்பான சமையலறையைக் காட்டி, "எங்க வீட்ல ஒண்ணும் சத்தமே இல்லையே" என்றுதான் சொல்லியிருப்பேன்.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"எதுக்கு வம்புன்னுதான்."

அந்த அம்மாவைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வாடகைக்கு இருந்தவர், நான் சொந்தக்காரன். மெலிந்தவர்கள் வாய் திறக்காததற்குப் பெயர் பண்பு அல்ல, பயம். அந்தப் பயத்தைத்தான் நாம் 'நல்ல மனுஷங்க' என்று புகழ்ந்து வளர்க்கிறோம். ஆனால் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு என்ன செலவு? மாவு அரைக்கும் நேரத்தை சாயங்காலம் ஐந்து மணிக்கு மாற்றியிருப்பேன். பழைய யோகா பாய் ஒன்றை நாலாக மடித்து கிரைண்டருக்கு அடியில் வைத்திருப்பேன். இரண்டையும் அவர்கள் போன மறுநாளே செய்தேன், கேட்க ஆளில்லாத காலி வீட்டுக்கு மேலே. என்னிடம் சொல்லாமல் இருந்ததன் மூலம் அவர்கள் எனக்கு உபகாரம் செய்ததாக நினைத்தார்கள். என்னை இரண்டரை வருஷம் ஒரு முரடனாக வைத்திருந்தார்கள் என்பதுதான் உண்மை. முரடன் என்பது எனக்கே தெரியாது.

அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற எண்ணம் எனக்கு அப்போதும் இருந்தது. எண்ணத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எது தொந்தரவு என்ற செய்தி வரவேண்டும், அது வருவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைத்தான் 'யார் வம்புக்கும் போறதில்லை' என்று அடைத்து வைத்திருக்கிறோம், பிளம்பர் வடிகாலைத் துணியால் அடைத்தாரே, அதேபோல. தேங்குவது என்னவோ வேறு.

தேங்கினது எங்கே வழிகிறது என்பதும் தெரிந்த கதைதான். வாட்ஸ்அப்பில். 'ஒரு சிலர் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது...' என்று ஆரம்பிக்கும். அந்த ஒரு சிலர் யார் என்று பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அல்லது தெரிந்தும் கும்பிடு எமோஜி போடுவார். பதினைந்து படி இறங்கி மணி அடித்தால் இரண்டு நிமிஷத்தில் முடிகிற விஷயம், நாற்பது பேர் பார்க்க ஒருவரை நிறுத்திவைக்கும் விஷயமாகிறது. இன்னொரு வழியும் உண்டு, வாட்ச்மேன். "மேல் வீட்ல சொல்லிடு, கார நகத்திப் போடச் சொல்லு." சம்பளத்தில் நம் எல்லோரையும்விடக் குறைந்தவர், வயதில் பெரும்பாலும் கூடியவர், அவரை நம் கோபத்துக்குத் தபால்காரராக்குகிறோம். மேல்வீட்டிலும் அவருக்குத்தான் திட்டு, கீழே வந்து பதில் சொல்லும்போதும் அவருக்குத்தான். நாம் இரண்டு பேரும் லிஃப்டில் சந்தித்தால் வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம்.

நேராகப் போய்ச் சொன்னால் உறவு கெடும் என்பார்கள். எங்கள் கட்டடத்தில் உறவு நன்றாக இருந்த ஒரே காலம் 2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த வருஷம். எங்களுக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் கிடையாது. ஒரே சம்ப்பு, ஒரே மேல்தொட்டி. தனியார் லாரி முன்பதிவு செய்தால் நாலு நாள் கழித்து வரும். வேறு வழியில்லாமல் ஒரு ராத்திரி மொட்டைமாடியில் பன்னிரண்டு வீடும் உட்கார்ந்தோம். காலை ஆறிலிருந்து ஏழு வரை, மாலை அரை மணி, அவ்வளவுதான் மோட்டார். வாஷிங் மெஷின் வாரம் ஒருநாள், யார் வீட்டில் எந்தக் கிழமை என்று காகிதத்தில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினோம். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பாத்திரம் கழுவச் சொன்னார் மூன்றாவது மாடிப் பாட்டி. காரைக் குழாய் போட்டுக் கழுவியவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள், அவரும் ஈரத்துணிக்கு மாறினார், யாரும் யாரோடும் பேச்சை நிறுத்தவில்லை. அந்த மூன்று நாலு மாதத்தில்தான் எதிர்வீட்டுப் பையன் எந்த காலேஜ் என்பதே எனக்குத் தெரிந்தது. தண்ணீரைப் பற்றிப் பேசியதால் பழகினோம். மழை வந்தது, காகிதம் நனைந்து உரிந்தது, எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு பழையபடி நல்ல மனுஷர்கள் ஆனோம்.

இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமானால் திருவொற்றியூருக்குப் போக வேண்டும். 2021 டிசம்பர் 27, திங்கட்கிழமை காலை. அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பில் ஒரு தொகுதியே இடிந்து மண்ணாயிற்று. 24 வீடுகள். ஒரு உயிர் போகவில்லை. சுவரில் விரிசல் ஓடுவதைப் பார்த்தவர்கள் அதைத் தங்கள் வீட்டு விஷயமாக வைத்துக்கொள்ளாமல் குரல் கொடுத்ததும், கதவு கதவாகத் தட்டி ஆட்களைக் கீழே இறக்கியதும்தான் காரணம். அந்தக் குடியிருப்புகளைப் பற்றி நம்மைப்போன்றவர்கள் வழக்கமாகச் சொல்வது, 'எப்பப் பாத்தாலும் ஒரே கூச்சல், அடுத்தவன் வீட்டு விஷயம்லாம் ஊருக்கே தெரியும்' என்பது. ஆமாம், தெரிந்திருந்தது. யார் வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள், எந்தக் கதவைத் தட்டினால் யார் வருவார்கள் என்பது தெரிந்திருந்தது. எங்கள் கட்டடத்தில் அப்படி ஒரு விரிசல் ஓடினால் முதலில் அதை போட்டோ எடுத்து, 'ஒரு சிலர்...' என்று ஆரம்பிப்போம்.

சங்கக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதையும் கௌரவமாகச் சொல்கிறவர்கள் உண்டு. "நான் அந்த பாலிடிக்ஸுக்கெல்லாம் போறதில்லை, சார்." எங்கள் கூட்டத்தில் ஐந்து வீடு வந்தால் அது மாநாடு. வராதவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். தமிழ்நாட்டில் 1994-ஆம் வருஷ அடுக்கக உரிமைச் சட்டம் போய், 2022-ஆம் வருஷச் சட்டம் 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முன்பு எல்லோர் கையெழுத்தும் வேண்டியிருந்தது. இப்போது உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் போதும். பன்னிரண்டில் எட்டு. ஒதுங்கி இருக்கும் நாலு நல்ல மனுஷர்களின் வீடு, அவர்கள் போகாத ஒரு கூட்டத்தில் பேசி முடிவாகலாம். அன்றைக்கு அவர்கள் யாரிடம் போய்ப் பேசுவார்கள்? பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரிந்தால்தானே.

'எல்லாரும் எல்லாரையும் குறை சொல்ல ஆரம்பிச்சா மனுஷன் வாழறதா வேணாமா' என்பது கடைசியாக வரும் கேள்வி. வாழலாம். சொல்கிறவன் தனியாகப் போக வேண்டும், துணைக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும், 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்று ஜாதகம் கணிக்கக்கூடாது. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எரிச்சலோடு போவதைவிட, மறுநாள் காலை காபிக்குப் பிறகு போவது மேல். ஆனால் சொல்கிறவன் பாடு சுலபம். கேட்கிறவன் பாடுதான் கஷ்டம். கதவைத் திறந்ததும் 'எங்க வீட்ல ஒண்ணும் இல்லையே' என்று நாக்கின் நுனிக்கு வரும் வார்த்தையை விழுங்கிவிட்டு, 'வாங்க, உங்க வீட்ல வந்து பாக்கறேன்' என்று செருப்பை மாட்ட வேண்டும். மேலே நின்று பார்த்தால் தெரியாதென்று நீலம் காட்டிவிட்டதல்லவா.

போன ஆவணியில் கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. ஒரு வாரம் பொறுத்து இறங்கிப் போனேன். கிரைண்டர் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓடும், அந்த நேரம் தொந்தரவாக இருந்தால் மாற்றிக்கொள்கிறேன், வேறு ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டேன். அவர் பதறிப்போனார். "சேச்சே, சத்தமா? ஒண்ணுமே இல்லை, சார். நீங்கள்லாம் இருக்கற எடமே தெரியல."

சிரித்துவிட்டுத் திரும்பினேன். உள்ளே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"ராத்திரி பத்தரைக்கு நாற்காலிய இழுக்கறது யாரு?"

"அம்மா, சும்மா இரு."

"நீ சும்மா இருடா. தம்பி, அது நீங்களா?"

நான்தான். சாப்பிட்டு முடித்ததும் நாற்காலிகளை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுப்பது என் வழக்கம், ஒழுங்கான மனுஷன் என்று பெயர். அப்படியே ஹார்டுவேர் கடைக்குப் போய் நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் குப்பி கேட்டேன். "எத்தனை?" என்றார் கடைக்காரர். நாலு நாற்காலி, பதினாறு. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சேர்த்து வாங்கினேன், ஸ்டூல் ஒன்று மூன்று காலில் ஆடிக்கொண்டிருக்கிறது.